காயம் கட்டிலிலும் இருக்கட்டும்: காமமும் காதலும் கலந்த கதையில் உடைந்த மனிதர்களை எழுதும் முறை

நான் எழுதிய முதல் நீண்ட தொடர்கதையில் நாயகனுக்கு எட்டு வயதில் அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அதற்கு மூன்று அத்தியாயம் ஃப்ளாஷ்பேக். எழுதும்போது நானே அழுதேன். அவன் வளர்ந்து, நாயகியைச் சந்தித்து, ஒருவழியாக முதல் நெருக்கக் காட்சி வந்தது. அங்கே அவன் தயக்கம் என்பதையே அறியாதவன். எல்லாம் தெரிந்தவன். விடியும்வரை களைக்காதவன். வாசகி ஒருவர் ஒரே வரி எழுதி அனுப்பினார்: "இவருக்குச் சோகம் பகல்ல மட்டும்தான் வருமா?"

இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் அந்த அத்தியாயங்களை மறுபடி படித்தபோது ஆள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. அம்மா விட்டுப்போன காயத்தைச் சுவரில் மாட்டிய படம் போல வைத்திருந்தேன். படுக்கையறைக்குள் நுழையும் முன் அவன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப எனக்கும், என்னிடம் கேட்பவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வகைக் கதையில் காயம் இருக்கவேண்டிய இடம் முன்கதை இல்லை. இரண்டு பேர் தொட்டுக்கொள்ளும் அந்த இடம். அதை எப்படி அங்கே கொண்டுவந்து சேர்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் எல்லை எதுவென்று பார்த்துவிடலாம். நெருக்கக் காட்சிகளை வெட்டி எடுத்தாலும் கதை நிற்கிறது என்றால் நீங்கள் எழுதியது காதல் கதை. வெட்டினால் காட்சிகள் மட்டும் மிஞ்சுகின்றன, கதை என்று எதுவும் இல்லை என்றால் அது வேறு சரக்கு. வெட்டிய இடத்தில் கதை ரத்தம் கசிந்தால்தான் நாம் பேசுகிற வகை. அமெரிக்கக் காதல் கதை எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு வைத்த வரையறையில் இரண்டே நிபந்தனைகள்: கதையின் நடுவில் காதல் இருக்கவேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்கவேண்டும். உடைந்த மனிதர்களை எழுதுகிறவருக்கு இந்த இரண்டாவது நிபந்தனைதான் தலைவலி. இன்னொன்று, சொல்லவே தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன்: கதைமாந்தர்கள் வயதுவந்தவர்கள். வயதை ஓரிடத்தில் எழுதிவிட்டு நடத்தையிலும் பேச்சிலும் குழந்தையாக்குவது என்ற வேலை வேண்டாம்.

படி 1: காயத்தைச் சிறிதாக்குங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் காயம் என்றதும் பெரிதாக அள்ளுவார்கள். அனாதை, விபத்து, துரோகம், தற்கொலை முயற்சி, எல்லாம் ஒரே ஆளுக்கு. வாசகருக்கு இரக்கம் வராது, அலுப்புதான் வரும்.

ஒரு நிகழ்ச்சி போதும். ஆனால் அந்த நிகழ்ச்சியிலிருந்து அந்த ஆள் ஒரு பாடம் கற்றிருக்கவேண்டும். அந்தப் பாடம் ஒரு விதியாகியிருக்கவேண்டும். விதி நாளடைவில் அவருக்கே தெரியாத வழக்கமாகியிருக்கவேண்டும். காயம், பாடம், விதி, வழக்கம். கதைக்குள் நடமாடுவது கடைசியில் இருக்கும் வழக்கம்தான். முதலில் இருக்கும் காயத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமலேகூட விடலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். மிருதுளா, வயது 34, விவாகரத்தானவள். முன்னாள் கணவன் அடித்ததில்லை, திட்டியதில்லை. கோபம் வந்தால் பேசமாட்டான். ஒருமுறை பத்தொன்பது நாள். அதே வீடு, அதே கட்டில், ஒரு வார்த்தை இல்லை. இதில் அவள் கற்ற பாடம்: மௌனம் என்றால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். விதி: மௌனம் வளரும் முன் அதை உடைத்துவிடு. வழக்கம்: யாராவது நான்கு விநாடி பேசாமல் இருந்தால் அவள் மன்னிப்புக் கேட்பாள், இல்லையென்றால் ஒரு ஜோக் அடிப்பாள்.

பத்தொன்பது நாள் என்ற எண்ணைக் கவனியுங்கள். "பல நாள் பேசாமல் கொடுமைப்படுத்தினான்" என்று எழுதியிருந்தால் அது செய்தி. அவள் எண்ணியிருக்கிறாள் என்பதுதான் காயம்.

கதிர், 38. பதினான்கு வயதிலிருந்து நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டவன். அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, கேட்காததை அவனும் கவனித்ததில்லை. விதி: கொடுப்பவனாக இருக்கும்வரைதான் எனக்கு இடம். வழக்கம்: அவனுக்கு யாராவது ஏதாவது செய்தால் உடனே பேச்சை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவான். திருப்ப முடியாதபோது வாயடைத்துப் போவான்.

படி 2: வழக்கத்தை உடம்பில் இறக்குங்கள்

போர்முனையிலிருந்து திரும்பியவர்களையும் வன்முறைக்கு ஆளானவர்களையும் ஆராய்ந்தவர்கள் வெகுகாலம் சொல்லிவந்ததை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1980-இல்தான் ஒரு நோயாக ஏற்றுப் பதிந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று இன்று சொல்கிறோமே, அதுதான். அதில் எழுத்தாளருக்குப் பயன்படும் பகுதி நினைவைப் பற்றியது. அதிர்ச்சி நினைவு பெரும்பாலும் கதையாக வருவதில்லை. மணமாக வரும், சத்தமாக வரும், ஒரு பிடியின் அழுத்தமாக வரும். வந்ததும் உடம்பு எகிறும், ஓடப் பார்க்கும், அல்லது உறைந்துவிடும். உறைவதைச் சம்மதம் என்று எதிராளி தப்பாகப் படிப்பது நடக்கும். கதையில் நீங்களும் அப்படித் தப்பாகப் படித்துவிடக் கூடாது.

எல்லாக் காயமும் அந்த அளவுக்குப் போவதில்லை. அன்றாடக் காயங்களுக்கு வேறொரு சட்டகம் கைகொடுக்கும். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் எழுதினார். உளவியலாளர் மேரி அய்ன்ஸ்வொர்த் அதைக் குழந்தைகளிடம் கவனித்து வகைப்படுத்தினார். 1987-இல் சிண்டி ஹேஸன், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர் அதே வகைகளைப் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், சிலர் நெருக்கம் வந்தால் நிம்மதியாகிறார்கள். சிலர் அது எப்போது போய்விடுமோ என்று இறுகப் பற்றுகிறார்கள். சிலர் நெருங்க நெருங்க மூச்சுமுட்டி விலகுகிறார்கள். மிருதுளா இரண்டாவது ரகத்துக்கும் கதிர் மூன்றாவது ரகத்துக்கும் பக்கத்தில் வருவார்கள். ஆனால் இந்தப் பெயர்களைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். கதைமாந்தர் தன் நோய்க்குறிப்பைத் தானே வாசிக்க ஆரம்பித்தால் அங்கே ஆள் இறந்துவிடுவார்.

உடம்பில் இறக்குவது என்றால் கேள்விகளாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போது எந்தப் பக்கம் முகம்? கதவு தாழ்ப்பாளை இரண்டாம் முறை பார்ப்பாரா? கட்டிப்பிடித்தால் முதலில் விடுவது யார்? முத்தமிடும்போது கைகள் எங்கே? விளக்கு எரியவேண்டுமா, அணையவேண்டுமா, அதை யார் சொல்கிறார்? முடிந்தபிறகு உடனே எழுந்து போகிற ஆளா? கதிர் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவன். முதல்முறை அது அன்பாகத் தெரியும். ஐந்தாம் முறை, அவன் ஒருநாளும் படுத்தே இருந்ததில்லை என்பது அவளுக்கு உறைக்கும். ஒரே செயல், இரண்டு பொருள். இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் பாதி நாவல் கிடைத்த மாதிரி.

படி 3: பிரேக் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆசையைப் பற்றி நம் கதைகளில் இருக்கும் எண்ணம் பழையது. பார்த்தான், பற்றிக்கொண்டது, எரிந்தது, அணைந்தது. பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-இல் வெளியிட்ட ஆய்வுநூலில் காம உணர்வை இப்படி ஏறி இறங்கும் ஒரே கோடாகத்தான் வரைந்தார்கள். 2000-இல் ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் பெண்களை முன்வைத்து வேறொரு வரைபடத்தைத் தந்தார். பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கம் வேண்டும் என்ற எண்ணம் முதலில், தொடுகை பிறகு, அதற்கு மறுமொழியாக ஆசை. கோடு இல்லை, வட்டம். அதே காலத்தில் ஜான் பேங்க்ராஃப்ட், எரிக் யான்சென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னது இன்னும் எளிமையானது: ஒவ்வொருவருக்குள்ளும் ஆக்சிலரேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று. இரண்டும் தனித்தனி.

நம்மில் பெரும்பாலோர் ஆக்சிலரேட்டரைத்தான் எழுதுகிறோம். அவன் தோள், அவள் இடை, மழை, ஈரம். உடைந்த மனிதரின் கதையில் சுவாரஸ்யம் முழுக்கப் பிரேக்கில் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஏன் நகரவில்லை என்பதே கேள்வி. மிருதுளாவின் பிரேக் மௌனம். அவனை எவ்வளவு அழகனாக எழுதினாலும் அது தளராது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் தளரும்.

இன்னொன்றும் இங்கே சேரும். உடம்பு காட்டும் எழுச்சியும் மனம் விரும்புவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. விரும்பாத இடத்திலும் உடம்பு தன்பாட்டுக்குப் பதில் தரக்கூடும். விரும்பும் இடத்தில் பேசாமலும் இருந்துவிடும். "அவள் வாய் வேண்டாம் என்றது, உடல் வேண்டும் என்றது" என்ற வரியை நானும் எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த வரி பொய். அதைவிட மோசம், வன்முறைக்கு ஆளாகி, தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக வருடக்கணக்கில் குற்ற உணர்வில் வாழ்பவர் அதைப் படித்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

படி 4: ஒருவர் வழக்கம் மற்றவர் காயத்தில் படவேண்டும்

இது சின்னப் படிதான், ஆனால் தவறவிட்டால் மீதி எதுவும் நிற்காது. உடைந்த ஆளும் அவரைச் சரிசெய்யும் தேவதையும் என்ற ஜோடி வேண்டாம். மிருதுளாவுக்கு மௌனம் பயம். கதிர் தனக்கு அன்பு கிடைக்கும்போது மௌனமாகிறவன். அவள் அவனை நேசிக்க நேசிக்க அவன் வாயடைப்பான். அவன் வாயடைக்க அடைக்க அவள் பழைய வீட்டில் இருப்பாள். வில்லன் வேண்டாம், தவறான புரிதலுக்காக ஃபோனைத் தொலைக்கவேண்டாம், வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் வலிக்கச் செய்ய முடியும்.

தம்பதிகளின் சண்டையை ஆய்வறையில் பல ஆண்டுகள் கவனித்த ஜான் காட்மன், பேசாமல் சுவராகிவிடுவதை உறவைச் சிதைக்கும் நான்கு பழக்கங்களில் ஒன்றாக வைக்கிறார். ஆனால் அப்படிச் சுவராகிறவரின் இதயம் உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், வெள்ளம் தலைக்குமேல் போய்விட்ட நிலை அது என்றும் சொல்கிறார். முன்னாள் கணவனின் மௌனம் தண்டனை. கதிரின் மௌனம் மூழ்குதல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசத்தை அவள் கண்டுபிடிப்பதுதான் கதை.

படி 5: காட்சிகளை வரிசைப்படுத்துங்கள்

நெருக்கக் காட்சி ஒவ்வொன்றும் ஒரு முடிவு எடுக்கப்படும் காட்சி. உள்ளே போனபோது இருந்த உறவு வெளியே வரும்போது இருக்கக் கூடாது. எனக்கு நாற்பது அத்தியாயக் கதைக்கு ஐந்தாறு முழுக் காட்சிகள் போதும். அதற்குமேல் எழுதினால் வாசகர் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போவார், நானும் எழுதும்போது வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பேன்.

நம் ஜோடிக்கு வரிசை இப்படி இருக்கலாம். முதல் காட்சியில் எல்லாம் நன்றாகப் போகிறது, சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக. அவன் கொடுக்கிறான், அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், இருவரின் வழக்கமும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவதில் அவள் அவனுக்குச் செய்ய நினைக்கிறாள், அவன் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துத் திருப்பிவிடுகிறான். மூன்றாவதில் அவனால் திருப்ப முடியவில்லை. அங்கே உடைகிறது. நான்காவது காட்சியில் காமம் அரைகுறையாக நின்றுவிட்டு, இருட்டில் பேச்சு நடக்கிறது. கதை முழுவதிலும் மிக நெருக்கமான காட்சி அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஐந்தாவதில் பழைய பயம் மறுபடி தலைகாட்டுகிறது, ஆனால் இந்தமுறை இருவருக்கும் அதன் பெயர் தெரியும்.

நம் அகத்திணையின் ஐந்து உரிப்பொருள்களை எண்ணிப் பாருங்கள். புணர்தல் ஒன்று. பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று மீதி நான்கும் சேராத நேரம். காமத்தை எழுதத் தெரிந்தவர்கள் அந்த விகிதத்தை அப்போதே போட்டுவைத்திருக்கிறார்கள். ஊடலுக்கும் மௌன தண்டனைக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேயே இருக்கிறது. ஊடல் உணவில் உப்பு அளவாய் அமைவது போல, அதைக் கொஞ்சம் நீளவிட்டாலும் உப்பு மிஞ்சிய மாதிரி என்கிறது குறள், 1302. பத்தொன்பது நாள் என்பது உப்பு இல்லை, உப்பளம்.

படி 6: அருகில் போய் எழுதுங்கள்

மூன்றாவது காட்சியின் நடுப்பகுதியை நான் முதலில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"அவள் தீண்டலில் அவன் உருகினான். ஆனால் மனதின் ஆழத்தில் புதைந்திருந்த வலி அவனை ஆட்கொண்டது. தாயின் நினைவு நெஞ்சை அழுத்த, அவன் விலகினான். அவள் கண்கள் கலங்கின."

இதில் தப்பு என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. ஆனால் இது யாருக்கும் நடக்கலாம். உருகல், ஆழம், புதைந்த வலி, கலங்கிய கண் எல்லாம் கடையில் வாங்கியவை. இனி அதே இடம்:

"அவன் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். மெதுவாக, தோளிலிருந்து இடுப்புவரை, மறுபடி தோளிலிருந்து. முதல் சில தடவை அவன் ஏதோ முனகினான். பிறகு முனகலும் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

'வலிக்குதா?'

பதில் இல்லை. நான்கு.

'சாரி. எனக்குச் சரியா வரல போல. ஒருதடவை இப்படித்தான் தலைவலிக்குத் தைலம் தேய்க்கிறேன்னு…' சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளுக்கே பிடிக்கவில்லை. கை நின்றுவிட்டிருந்தது.

அவன் முகம் தலையணைக்குள் இருந்தது. 'நிறுத்தாத' என்று சொல்லத்தான் நினைத்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் வேறெதுவோ வந்துவிடும் போலிருந்தது. எழுந்து உட்கார்ந்தான். 'தண்ணி எடுத்துட்டு வரேன், உனக்கு வேணும்ல?'

கதவுவரை போனவனை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு."

அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, பத்தொன்பது நாளைப் பற்றியும் இல்லை. எண்ணும் பழக்கம், மன்னிப்பு, ஜோக், தண்ணீர், எல்லாம் முன்பே நட்டுவைத்தவை. இங்கே காய்க்கின்றன. முதுகை நீவும் வேகத்தை யோசிக்காமல் எழுதவில்லை. தோலில் மெதுவான வருடலுக்கென்றே பதில்தரும் நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை நகரும் கைக்குத்தான் அவை நன்றாகத் துடிக்கின்றன. அவசரமான கை காமத்தைக் கிளறலாம், கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வைத் தருவது மெதுவான கை. கதிரால் தாங்க முடியாதது எது என்று இப்போது தெரிகிறதா?

படி 7: சொல்

தமிழில் காமம் எழுதும் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. நமக்கு மூன்று அகராதிகள் இருக்கின்றன. ஒன்று உடற்கூறுப் பாடப்புத்தகம், படித்தவுடன் ஆசை செத்துவிடும். இன்னொன்று கொச்சை, சில ஆட்களின் வாயில் பொருந்தும், கதைசொல்லியின் வாயில் பெரும்பாலும் பொருந்தாது. மூன்றாவது மலர், தேன், வண்டு, வீணை. உடைந்த மனிதருக்கு இந்த மூன்றாவதுதான் பெரிய எதிரி. வீணைக்குப் பயம் கிடையாது.

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லிடம் போங்கள். தொட்டான், வருடினான், நீவினான், தடவினான், வளைத்தான், பற்றினான், அளைந்தான். ஒன்றுக்கு இன்னொன்று மாற்றில்லை. நீவுவதில் அக்கறை இருக்கிறது, தடவுவதில் தேடல் இருக்கிறது, பற்றுவதில் பயம் இருக்கிறது. யாருக்கு எந்த வினை என்று தீர்மானித்தாலே குணம் வந்துவிடும். உறுப்புகளில் மணிக்கட்டு, முழங்காலின் பின்மடிப்பு, காதுக்குக் கீழே என்று யாரும் கூச்சப்படாமல் பெயர்சொல்லும் இடங்களே நிறையச் செய்யும்.

மனம் உடம்பை விட்டு விலகிப்போகும் கணத்துக்குத் தமிழ் இலக்கணமே ஒரு கருவி தருகிறது. "கையை விலக்கினாள்" என்றால் அவள் அங்கே இருக்கிறாள். "கை விலகியது" என்றால் அவள் அங்கே இல்லை. பிறவினையிலிருந்து தன்வினைக்கு நாலைந்து வாக்கியம் நழுவவிடுங்கள்: கண் மூடியது, தோள் இறுகியது, குரல் ஏதோ சொன்னது. விளக்கம் எதுவும் இல்லாமலே வாசகருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அவள் திரும்பிவரும்போது "அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்" என்று வினையையும் அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் நீங்க, நீ. மேலே காட்டிய காட்சிக்கு வருவதற்குள் கதிர் அவளை நீ என்கிறான், ஆனால் அவள் எப்போது அவனை நீ என்றாள்? அந்த மாற்றத்தை ஒரு முத்தத்தைப் போலக் கணக்குவைத்துச் செலவழியுங்கள்.

சம்மதம் கேட்பது காட்சியின் சூட்டைக் குறைத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத்தான் பட்டிருக்கிறது. "இங்கயா?" "கொஞ்சம் மேல." "இப்ப?" "பேசிட்டே இரு." கடைசிப் பதில் மிருதுளாவுடையது. அதைச் சொல்ல அவளுக்கு முப்பது அத்தியாயம் ஆகியிருக்கிறது. அந்த ஒரு கோரிக்கையில் இருக்கும் நிர்வாணம் ஆடை களைவதில் இல்லை.

படி 8: காயம் மன்னிப்புச் சீட்டு இல்லை

ஆன்டி ஹீரோ கதைகள் நிறைய ஓடுகின்றன. அவன் அவளை அடைத்துவைக்கிறான், மிரட்டுகிறான், கட்டாயப்படுத்துகிறான். இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் அவன் சிறுவயதுச் சோகம் தெரியவருகிறது. அவள் அழுது அவனை அணைத்துக்கொள்கிறாள். சோகம் என்பது பழைய பாக்கியை அடைக்கும் செக் போல நீட்டப்படுகிறது.

இருட்டான கற்பனையை எழுதாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வயதுவந்தவர்கள் தெரிந்தே படிக்கும் கற்பனைக்கு அதன் இடம் உண்டு. கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வாதம். காயம் ஒரு செயலுக்குக் காரணம் சொல்லலாம், நியாயம் சொல்ல முடியாது. தப்புச் செய்தவன் அதைத் தன் வாயால், "ஆனா" சேர்க்காமல், பெயர்சொல்லிச் சொல்லவேண்டும். அதற்கு அவன் எதையாவது இழக்கவேண்டும். மன்னிக்காமல் போய்விடும் வழி அவளுக்கு நிஜமாகவே திறந்திருக்கவேண்டும்: கையில் பணம், போக இடம், போகக் கால். அந்தக் கதவு திறந்திருந்தும் அவள் இருந்தாள் என்றால் நம்பலாம். பூட்டிய அறையில் இருப்பவள் தங்கிவிட்டாள் என்பதில் காதல் எங்கே இருக்கிறது?

படி 9: குணமாக்காதீர்கள், பழக்குங்கள்

ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிடுவதுதான் இந்த வகையின் ஆகப் பெரிய பொய். காமம் மருந்தில்லை, காதலி மருத்துவர் இல்லை. தேவைப்படும் இடத்தில் கதைமாந்தரை ஆலோசகரிடம் அனுப்புங்கள். அறைக்குள் நடப்பதைக் காட்டவேண்டும் என்றுகூட இல்லை, செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவன் எங்கோ போய் வருகிறான் என்பதே போதும்.

மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-இல் விவரித்த ஒரு பயிற்சி எழுத்தாளர்களுக்கு வரம். தம்பதி முதலில் உடலுறவையும் அந்தரங்க உறுப்புகளையும் முழுவதும் ஒதுக்கிவைத்துவிட்டு, முறைவைத்துத் தொடுவார்கள். ஒருவர் தொட, மற்றவர் உணர்வதை மட்டும் செய்வார். எங்கேயும் போய்ச்சேர வேண்டியதில்லை. பிறகே படிப்படியாக அடுத்தது. கதிருக்கு இதைவிடக் கடினமான சோதனையை யாரும் வைக்க முடியாது: பத்து நிமிடம், திருப்பிக் கொடுக்கக் கூடாது. தடை இருப்பதால் கதைக்குள் காமம் ஏறும் என்பது கூடுதல் லாபம்.

பழக்கம் மாறும்போதும் பழையது முழுதாகப் போகாது. முடிவில் மிருதுளா எண்ணுவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதாதீர்கள். எண்ணுகிறாள், ஏழு வருகிறது, அவன் மூச்சுச் சத்தம் கேட்கிறது, எட்டை மறந்துவிடுகிறாள். தொடக்கத்தில் சொன்ன வரையறை கேட்ட நம்பிக்கை அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

படி 10: திருத்தும்போது

கதை முடிந்ததும் நெருக்கக் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக, வேறெதையும் படிக்காமல், வாசியுங்கள். அவற்றை மட்டும் படித்தவருக்கு இவர்கள் யார், எதற்குப் பயப்படுகிறார்கள், எங்கே மாறினார்கள் என்று தெரியவேண்டும். இரண்டு காட்சிகளை இடம் மாற்றிவைத்தும் கதை கெடவில்லை என்றால் அதில் ஒன்று வேண்டாதது.

ஃப்ளாஷ்பேக்கைக் கதை பாதியைத் தாண்டும்வரை தள்ளிப்போடுங்கள். அப்போதும் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வழக்கத்தை வாசகர் முதலில் பார்த்துக் குழம்பியிருந்தால்தான் காரணம் தெரியும்போது பலன்.

வன்முறை, தற்கொலை, கருச்சிதைவு போன்றவை கதையில் இருந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு வரி முன்குறிப்புப் போடுங்கள். திருப்பம் கெட்டுவிடும் என்று பயந்து நான் ஒருமுறை போடாமல் விட்டேன். பாதியில் மூடிவைத்துவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை என்று ஒருவர் எழுதினார். அந்தத் திருப்பம் அவ்வளவு பெரிய திருப்பமும் இல்லை. நீங்கள் எழுதும் காயத்தை வாழ்ந்து கடந்தவர் யாராவது படித்துப் பார்க்கச் சம்மதித்தால் அவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்துல பொய்யா இருக்கு?" என்று கேளுங்கள்.

கடைசியாக "வலி", "ரணம்", "காயம்", "ஆழ்மனம்" ஆகிய நான்கு சொற்களைக் கைப்பிரதியில் தேடி எண்ணுங்கள். என் போன கதையில் "வலி" மட்டும் நூற்றுப்பதினாறு இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செயலை வைத்துப் பார்த்தேன். தலைவலிக்கு வந்த ஒன்பது மட்டும் மிச்சம்.